அணி மாற மறுத்த தேவகி

பட்டிமன்ற நடுவராவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு இப்போதெல்லாம் அடிக்கடி போன் வருகிறது. நான் அந்த நாற்காலியில் இருந்தவரை யாரும் கேட்டதில்லை. காலியானதும் கேட்கிறீர்கள். கோபமில்லை, உலக வழக்கம் அதுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து வயது என்னை அனுப்பி வைத்தது. நடுவர் வேலையிலிருந்து முழங்கால் அனுப்பி வைத்தது. மலேசியாவில் இந்த ஜொகூர் மாநிலத்தில் நான் ஏறாத மேடையே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். ஏறிய மேடைகளில் எதெதற்குப் படி சரியில்லை என்று மட்டும் என் முழங்கால் இன்றைக்கும் சொல்லும்.

நேரம் பிரிப்பது, முன்னுரை சொல்வது, யாரை முதலில் பேச விடுவது, இதெல்லாம் நீங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். மேடையில் ஒரு விஷயம் கையை மீறிப் போகும்போது என்ன செய்வது என்பதுதான் கைப்பேசியில் கிடைக்காது. அதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிம்பாங் ரெங்கத்தில் நடந்தது. பல காலம் பேச்சாளராக இருந்துவிட்டு, நான் முதன்முதலாக நடுவராகப் போன மேடை அது. கோயில் மண்டபம். வாசலில் ஏற்பாட்டுக் குழுவினர் பொன்னாடையோடு நின்றார்கள். நான் முன்னால் போனேன். என் கணவர் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. நடுவர் சார் அதோ வர்றாரே" என்று சொல்லி, என்னைத் தாண்டிப் போய் அவருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள்.

என் கணவர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். ஒலிவாங்கியைக் கண்டாலே ஒதுங்கிப் போவார். அவர் பொன்னாடையோடு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான், அதை மறைப்பானேன். ஆனால் வாசலில் நின்று சண்டை போடவில்லை. நேராக மேடைக்குப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பொன்னாடையைக் கடைசிவரை கழற்றவேயில்லை. கேட்டால், "போட்டவங்க மனசு நோகுமே" என்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் சில பெண்பிள்ளைகளுக்கு என்மேல் கோபம் வருகிறது. அங்கேயே கேட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். நான் அன்றைக்கு என் கோபத்தை வாசலில் செலவழிக்க விரும்பவில்லை, மேடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பட்டிமன்றம் நன்றாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் பேச்சாளராக இருந்த காலத்தில் ஒரு நடுவர் இருந்தார். முன்கோபக்காரர், பேச்சாளர்களை எல்லோர் முன்னாலும் திட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன ஒன்றை இன்றுவரை மறக்கவில்லை. "கூட்டம் சிரிக்கிறப்ப நடுவர் கூட்டத்தப் பாக்கக் கூடாது. மேடையில யாரு சிரிக்கலன்னு பாக்கணும்" என்பார். அவருடைய மற்ற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இது எனக்கு ஸ்கூடாயில் உதவியது. உங்களிடம் சொல்ல நினைத்த கதையே அதுதான்.

ஸ்கூடாயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பொங்கல் விழா. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டிமன்றம். வயிறு நிறைந்த கூட்டத்தை விழித்திருக்க வைப்பது எத்தனை பெரிய வேலை என்று நீங்களே போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் தலைப்பைப் போனிலேயே சொல்லிவிட்டார். "நம் குடும்பங்களில் ஆண் பெண் சமத்துவம் வந்துவிட்டதா, வரவில்லையா?" சொல்லிவிட்டு ஒரு பின்குறிப்பும் சேர்த்தார்.

"கலகலப்பா இருக்கணும் டீச்சர். பெண்ணியம் அது இதுன்னு ரொம்ப ஆழத்துக்குப் போயிராதீங்க லா."

பேச்சாளர்கள் நான்கு பேர். 'வந்துவிட்டது' என்று பேச மேரி அக்காவும் சந்திரனும். 'வரவில்லை' என்று பேச நிலாவும் தேவகியும்.

மேரி அக்கா பெக்கான் நானாஸ்காரர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையைச் சொந்தமாக எடுத்து நடத்துகிறவர். தேவாலயத்தில் பேசிப் பழகிய கணீர்க் குரல். நிலா ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பெண். சிரிக்க வைக்கத் தெரியாது, சுருக்கென்று பேசத் தெரியும். சந்திரனும் தேவகியும் கணவன் மனைவி. சந்திரன் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். தேவகி செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசர். ஆரம்பப் பள்ளிக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள்.

கணவன் மனைவியை எதிரெதிர் அணியில் உட்கார வைப்பது நம் பட்டிமன்றங்களில் ஊறிப்போன வழக்கம். வீட்டுக் கதையை அவர் ஒன்று அவிழ்த்துவிடுவார், அவள் எழுந்து அதைவிடப் பெரிதாக ஒன்று அவிழ்த்துவிடுவாள், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இதில் பாதிக்கு மேல் கட்டுக்கதை என்பது மேடைக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். அதனால்தான் யாருக்கும் வலிப்பதில்லை. சந்திரன் தேவகி ஜோடிக்கு ஜொகூர் முழுக்க நல்ல பெயர். "எந்த அணி கொடுத்தாலும் ஜெயிப்பேன் டீச்சர்" என்று சந்திரன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை, அவருக்கு அந்தத் திறமை உண்டு.

அன்றைக்கு மேடைக்குப் பக்கத்து அறையில் தேவகி என் சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திவிட்டுக்கொண்டிருந்தாள். குத்திக்கொண்டே சொன்னாள்.

"டீச்சர், என்னைய பினாங்கு பிளாண்டுக்கு ஆறு மாசம் டிரெய்னிங் அனுப்புறோம்னு சொல்றாங்க. முடிச்சிட்டு வந்தா மேனேஜர் வேலை. நாளைக்குப் பதில் சொல்லணும்."

"நல்ல சேதிதானே. என்னா சொல்லப் போற?"

"தெரியல. போகணும்னு ஆசையா இருக்கு டீச்சர். ரொம்ப ஆசையா இருக்கு. அவரு போன்னுதான் சொன்னாரு." இன்னொரு ஊக்கை எடுத்தாள். "புள்ளைங்களுக்கு என்னா ஏற்பாடுன்னு நீயே பாத்துக்கன்னாரு. நானும் ரெண்டு வாரமா பாக்குறேன். ஒண்ணும் அமைய மாட்டேங்குது."

அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேரி அக்கா முதலில் எழுந்தார். "எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி கித்தாத் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் போவாங்க. சம்பளம் எங்கப்பா கைக்குப் போகும். அம்மா ஒரு சேலை எடுக்கணும்னா அப்பாவக் கேக்கணும். நான் யாரையும் கேக்கறதில்ல. என் கடை, என் வேலையாளுங்க, என் முடிவு. எம் புருஷன் காலையில எனக்காக வெங்காயம் உரிக்கிறாரு. இது வரலன்னா, வேற எப்பிடித்தான் வரும்? மேளதாளத்தோடயா?" என்று கேட்டு உட்கார்ந்தார். நல்ல கைத்தட்டல். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியாது.

அடுத்து நிலா. "எங்க அண்ணன் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தா 'சாப்ட்டியா'ன்னு கேப்பாங்க. நான் எட்டு மணிக்கு வந்தா 'எங்க போன'ன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே யூனிவர்சிட்டி. ஒரே பஸ் ஸ்டாப். மேரி ஆண்ட்டி கடைக்கு ஆண்ட்டி முதலாளி. ஆனா அங்கிள் வெங்காயம் உரிக்கிறது மட்டும் ஏன் நியூஸ் ஆவுது? ஆண்ட்டி இத்தன வருஷம் உரிச்சத யாராச்சும் மேடையில சொன்னாங்களா?" மேரி அக்காவே சிரித்துவிட்டார். இதையும் என்னால் மறுக்க முடியவில்லை. பட்டிமன்றம் நல்லபடியாகப் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாவதாகச் சந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நடுவர் அவர்களே, எங்க வீட்ல சமத்துவம் எப்பவோ வந்து, பசியாறி, கால நீட்டிப் படுத்துத் தூங்கியும் போயிருச்சி." முதல் வரியிலேயே கூட்டம் அவர் பக்கம். "என் மனைவிய கம்பெனியில பினாங்குக்குக் கூப்ட்டாங்க. ஆறு மாசம். எந்தப் புருஷன் விடுவான் சொல்லுங்க? நான் விட்டேன். தாராளமா போன்னு சொன்னேன். போகலன்னு சொன்னது யாரு? இதோ உக்காந்திருக்காங்களே, இவங்கதான். ஏம்மா போகலன்னு கேட்டேன். உங்க ரசத்த நெனச்சா புள்ளைங்க பாவமா இருக்குன்னுட்டாங்க."

மண்டபம் அதிர்ந்தது. பின் வரிசையில் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். நான் பழக்கதோஷத்தில் மேடையைப் பார்த்தேன். தேவகி சிரிக்கவில்லை.

இன்னும் பதில் சொல்லாத ஒரு விஷயம் அது. போகவில்லை என்று அவளே முடிவெடுத்ததாக, அவளுக்குத் தெரிந்த அத்தனை பேர் முன்னாலும் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. முன்வரிசையில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரசம் ஜோக்குக்கு ஒரு வழி வேண்டியிருந்தது, பினாங்கு கையில் கிடைத்தது, அவ்வளவுதான். கட்டுக்கதைகளுக்கு நடுவில் நிஜத்தைக் கலந்துவிட்டார். நம் மேடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

தேவகியின் முறை வந்தது. எழுந்து ஒலிவாங்கி முன்னால் நின்றாள். பேசவில்லை.

கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டது. மறுபடியும் சிரித்தார்கள். "அடிக்கப் போறாங்க, பாத்துக்க சந்திரா" என்று யாரோ குரல் கொடுத்தார். அவள் கை ஒலிவாங்கிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"டீச்சர், குடும்ப விஷயம் மேடைக்கு வந்துருச்சி போல. ஒரு ஜோக் சொல்லி முடிச்சி விட்டுருங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். மணியடித்து அவளை உட்கார வைத்திருக்கலாம். மேடை பிழைத்துக்கொள்ளும். ஆனால் சந்திரன் சொன்னதுதான் ஊருக்கு உண்மையாக நிற்கும். மறுநாள் அலுவலகத்தில் அவள் "போகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தால், "நேத்து வேற மாதிரி கேட்டோமே" என்பார்கள். நான் ஒரு ஜோக் சொல்லியிருந்தாலும் அதே கதைதான். சரி, பக்கத்து அறையில் அவள் சொன்னதை நானே எடுத்துச் சொல்லலாமா? அவள் என்னை வக்கீலாக வைக்கவில்லை. நம்பிச் சொன்னதை எடுத்து மேடையில் போட்டால், சந்திரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சொன்ன வாயே அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் மாணவர்களைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யும்போது, பாதியில் அணியை மாற்றிப் பேச வைப்பேன். நேற்றுவரை மறுத்ததை இன்றைக்கு ஆதரிக்க வேண்டும். பொதுமேடையில் அதைச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தேன்.

"ஒரு இடைத் தீர்ப்பு" என்று மணியைத் தட்டினேன். "சந்திரனும் தேவகியும் அணி மாறணும். மொதல்ல சந்திரன் பேசட்டும். எந்த அணி கொடுத்தாலும் ஜெயிப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. பாப்போம்."

கூட்டத்துக்கு ஒரே குஷி. சந்திரனுக்கு அதைவிடக் குஷி. தேவகி தள்ளி நின்றாள், அவர் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மனைவியின் கார்ச் சாவியை ஒளித்து வைத்த கதையை ஆரம்பித்தார்.

"பக்கத்து வீடு வேணாம் தம்பி" என்றேன். "இவ்வளவு நேரம் உங்க வீட்டத்தானே சொன்னீங்க. அதையே சொல்லுங்க. பினாங்குலருந்து ஆரம்பிங்க."

சந்திரன் ஒரு நொடி யோசித்தார். யோசித்தது மனைவியைப் பற்றி இல்லை, வாதத்தைப் பற்றி. எனக்கு அது தெரியும். நல்ல பேச்சாளனுக்கு அணியைக் கொடுத்துவிட்டால் அவன் மூளை ஆதாரத்தைத் தேடிப் போய்விடும். அது யாருடைய ஆதாரம் என்று பார்க்காது.

"சரி, நடுவர் அவர்களே. நான் போன்னு சொன்னேன். உண்மை. ஆனா அடுத்த வார்த்தை என்னா சொன்னேன்? புள்ளைங்கள யாரு பள்ளிக்கூடத்துல விடுறது, யாரு சோறு போடுறது, நீயே பாத்துக்கன்னு சொன்னேன்." குரலில் இன்னும் மேடைத்தனம் இருந்தது. "பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் சிங்கப்பூர் வேலைய எடுத்தேன். விடியறதுக்கு முன்னாடி போறேன், இருட்டுனப்புறம் வர்றேன். அன்னைக்கி என்னைய யாராவது கேட்டாங்களா? கைப்புள்ளய யாருகிட்ட விட்டுட்டுப் போறேன்னு எங்கம்மா கேட்டாங்களா? மாமனாரு கேட்டாரா? எல்லாரும் வாழ்த்துச் சொன்னாங்க. எங்க வீட்ல ஒரே கேள்வி இருக்கு, நடுவர் அவர்களே. அத ஒருத்தர்கிட்டதான் கேக்குறோம்."

அன்றைய நிகழ்ச்சியில் மிகப் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான். பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் தட்டினார்கள். சந்திரன் கைத்தட்டலுக்காக எப்போதும்போல் கொஞ்சம் தலையைச் சாய்த்தார். அப்புறம்தான் தாம் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஒதுங்கினார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது.

"தேவகி, இப்ப உன் முறை" என்றேன். "சமத்துவம் வந்துருச்சின்னு நீ பேசணும்."

அவள் ஒலிவாங்கிக்கு வந்தாள். இந்த முறை கம்பியைப் பிடிக்கவில்லை.

"மன்னிக்கணும், நடுவர் அவர்களே. நான் அணி மாற மாட்டேன்."

"ஏம்மா? அவரு மாறுனாரே."

"அவரு ஒரு தடவ மாறுனாரு. நான் வீட்ல இவ்வளவு நாளா அவரு அணியிலதான் பேசிக்கிட்டு இருக்கேன். அவரு தடுக்கலன்னு எங்கம்மாகிட்ட பேசுனேன், மாமியார்கிட்ட பேசுனேன். போக வேணாம்னு எனக்கு நானே பேசிக்கிட்டேன். இன்னைக்கு ஒரு நாளு என் அணியிலயே உக்காந்துக்குறேன்."

போய் நிலாவுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் தட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நான் மணியை மேசையில் வைத்துவிட்டேன். இருவரையும் ஒரே மாதிரி மாறச் சொன்னால் அது நியாயம் என்று நினைத்திருந்தேன். நியாயம் அவ்வளவு சுலபமாக அளந்து ஊற்றக்கூடியதில்லை என்று அவள் எனக்குக் காட்டிவிட்டாள்.

சந்திரன் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அவருடைய பழைய நாற்காலி மேரி அக்கா பக்கம் இருந்தது. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போய் மனைவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மேரி அக்கா மட்டும்.

"பரவால்ல, டீச்சர்" என்றார் மேரி அக்கா, ஒலிவாங்கி இல்லாமலேயே. "நான் ஒத்த ஆளா இருந்துக்கிறேன். எங்கம்மா பட்ட பாட்டப் பாத்தவளுக்கு இந்த அணிதான். அதுக்காக இந்தப் பொண்ணு சொன்னது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. அப்போதுதான் எல்லோரும் தட்டினார்கள்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய நேரம். இரண்டு அணியும் சரி, விட்டுக்கொடுத்து வாழ்வோம் என்று முடிப்பதுதான் வழக்கம். தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். என்னால் முடியவில்லை. "மேரி அக்கா சொன்னதும் உண்மை, நிலா சொன்னதும் உண்மை" என்றேன். "ரெண்டையும் கூட்டிப் பாதியா வகுத்தா வர்றது உண்மை இல்ல. அதனால இன்னைக்குத் தீர்ப்பு கிடையாது."

"அப்புறம் எதுக்கு டீச்சர் நடுவரு?" என்று ஒருவர் கத்தினார்.

"மணியடிக்க" என்றேன். சிரித்துவிட்டார்கள். ஆனால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான். அந்தத் தாமானிலிருந்து எனக்கு மறுபடியும் அழைப்பு வரவில்லை. அதையும் தெரிந்துகொண்டே இந்த நாற்காலிக்கு வாருங்கள்.

பிறகு தேநீர் மேசையில்தான் உண்மையான பட்டிமன்றம் நடந்தது. நிலா என்னிடம் நேராகவே கேட்டாள்.

"டீச்சர், சந்திரன் அங்கிள் பேசுறப்பவே நீங்க நிப்பாட்டியிருக்கணும். அக்காவ எதுக்கு மாறச் சொன்னீங்க? அடிபட்டவங்களையும் சேத்து எக்சர்சைஸ் பண்ண வைக்கிறீங்க."

மேரி அக்காவுக்கு வேறு வருத்தம். "நிப்பாட்டவும் வேணாம், மாத்தவும் வேணாம். புருஷன் பொண்டாட்டி விஷயம் வீட்டோட. டீச்சர் கண்டுக்காம விட்டிருக்கணும்" என்றார். "பொம்பள ஜெயிக்கணும்னா மேடையிலதான் ஜெயிக்கணுமா?"

"கண்டுக்காம விட்டா யாருக்கு லாபம் ஆண்ட்டி?" என்றாள் நிலா. இருவரும் உளுந்து வடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். ஒருவரும் மற்றவர் பக்கம் வரவில்லை, ஆனால் மேரி அக்கா போகும்போது நிலாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். நான் செய்தது சரிதான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. நிலா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றும் தோன்றுகிறது. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்து வையுங்கள். அந்த மாதிரி நேரம் சொல்லிவிட்டு வராது.

சந்திரன் கடைசியாக வந்தார். கோபமாக இருந்தார், ஆனால் மரியாதை குறையவில்லை.

"மேடையில வெச்சி மாட்டி விட்டுட்டீங்களே டீச்சர்."

"எந்த அணி கொடுத்தாலும் பேசுவேன்னு நீங்கதானே தம்பி சொல்லுவீங்க."

"பேசிட்டேன். இப்ப அத வாபஸ் வாங்க முடியலயே" என்றார். தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு, தேவகி நின்ற இடத்தைப் பார்த்தார். "நானே இவ்வளவு நல்ல பாயிண்ட் சொல்லுவேன்னு எதிர்பாக்கல டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், அரைமனதாக.

மறுநாள் தேவகி "போகிறேன்" என்று பதில் கொடுத்துவிட்டாள். சந்திரன் தன் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினார். மாற்ற முடியாத நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை அவரே போய்க் கேட்டார். அவரே போய்க் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியை அந்த வீட்டில் முதன்முறையாக இன்னொருவர் சுமந்துகொண்டு போயிருக்கிறார்.

ஆறு மாதத்தில் பாதி போன பிறகு தேவகி பினாங்கிலிருந்து எனக்குப் போன் செய்தாள். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. எப்படியம்மா இருக்கிறாய், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"உண்மையச் சொல்லட்டா டீச்சர்? அவ்வளவா புடிக்கல. நாள் பூரா மீட்டிங். எனக்கு லைன்ல நின்னு வேலை செய்யிறதுதான் புடிக்குது. டிரெய்னிங்க முடிச்சிருவேன். ஆனா மேனேஜர் வேலைய எடுக்குறதா இல்லையான்னு அப்புறம்தான் சொல்லுவேன்."

எனக்கு ஒரு நொடி மனம் கனத்துவிட்டது. இத்தனை பாடுபட்டுப் போனதற்கு இதுவா பலன் என்று தோன்றியது. அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"வருத்தப்படாதீங்க டீச்சர். எனக்கு வருத்தமே இல்ல. வராமலே இருந்திருந்தா, காலம் பூரா இது நல்ல வேலைன்னு நெனச்சி ஏங்கிக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப நானே வந்து பாத்துட்டு, புடிக்கலன்னு நானே சொல்றேன்."

"சந்திரன்கிட்ட சொல்லிட்டியா?"

"நேத்துச் சொன்னேன்." அவள் குரலில் சிரிப்பு வந்தது. "'அப்பவே போகாம இருந்திருக்கலாம்ல'ன்னு சொல்ல வாயெடுத்தாரு டீச்சர். பாதியில முழுங்கிட்டாரு. அவரு முழுங்குனது எனக்குப் போன்லயே கேட்டுச்சி."